பதினெட்டு என்று எழுதிய உருளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடாதே. நான் நலம். இடது முழங்கால் மட்டும் படியேறும்போதெல்லாம் என்னோடு சண்டைக்கு வருகிறது. உனக்குக் காலையில் இருமல் விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். வெந்நீர் குடி. மருத்துவரிடம் போ என்றால் போகமாட்டாய், அதனால் அதைச் சொல்லவில்லை.

போன வாரம் உன் மனைவி தொலைபேசியில் பேசினாள். இந்த மாதத்தோடு உனக்கு வேலை முடிகிறது, கம்பெனிக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், அங்கேயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டாய், முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போடப் போகிறாய் என்றாள். "ஊருக்கே போயிடலாம்னு சொல்லிப் பாத்துட்டேன் அக்கா. அந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். உங்க தம்பியாச்சே!" என்றாள். கடைசி வார்த்தையை அவள் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

இந்த வீட்டின் மாடியில் இருக்கும் இரண்டு அறைகளும் உன்னுடையவை. அப்பா அப்படித்தான் எழுதி வைத்தார். நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து பதினேழு வருடமாக அவை பூட்டிக் கிடக்கின்றன. நீ அந்தக் கையெழுத்தைப் போடுவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இப்போது அவசரமாக எழுதுகிறேன். நீங்கள் இருவரும் இங்கே வந்து இருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அது வராத காரியம். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வந்து சேருவேன், பொறுத்துக்கொள்.

ஒட்டடை வந்திருந்தான். இங்கே தொழிற்சாலையில் உன் ஷிப்டில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தானே, ஆள் உயரமாக, மெலிந்து, கூரையில் ஒட்டடை அடிக்கிற கழி மாதிரி, அவனேதான். செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. யாரென்று தெரிந்ததும் எதற்கு வந்தாய் என்று கேட்டேன்; தனக்குக் காது கேட்காது என்று அவன் சொன்னதும், தொண்டை கிழியக் கத்தி மறுபடி கேட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது.

"அக்கா, நான் செவிடுதான். அதுக்காகத் தெருவுக்கே கேக்கணுமா? மிஷின் வச்சிருக்கேன், சின்னவ வாங்கிக் குடுத்தா," என்று காதைத் திருப்பிக் காட்டினான். ஆனாலும் பழக்கம் போகவில்லை. பேசும்போது என் வாயையே பார்க்கிறான். முன்பல் விழுந்ததிலிருந்து நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது வழக்கம். "கையை எடுங்க அக்கா, நீங்க பேசுறது தெரியல" என்றான். அவன் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பாக இருந்தால் நீ திருத்து.

பதினேழு வருடத்துக்கு முன்னால், அன்று உங்கள் ஷிப்டில் மூன்றாவது ஆள் வரவில்லை. நீயும் அவனும் மட்டும். பன்னிரண்டாம் எண் ஜிர்கோனிய உலோக உருளையை நீ உலையிலிருந்து கிரேனில் எடுத்துவிட்டாய். உலைக் கதவு திறந்ததுமே வழக்கம்போல நீ உரக்க எண்ண ஆரம்பித்திருந்தாய். இருபதுக்குள் உருளை தண்ணீரில் இருக்க வேண்டும், இருபதைத் தாண்டினால் திரும்ப உலைக்குள் வைத்து மறுபடி சூடாக்க வேண்டும், அதையும் பதிவேட்டில் காரணத்தோடு எழுத வேண்டும் என்பது விதி. ஒட்டடைக்கு நீ எண்ணுவது கேட்காது. உன் உதடு அசைவதைப் பார்த்துத்தான் அவன் ஒவ்வொரு நாளும் விலகி நின்றிருக்கிறான். அவனுக்குக் காது போய்விட்டது உனக்கு மட்டும்தான் தெரியுமாம். நான்கு வருடம் இருவரும் அப்படியே ஓட்டியிருக்கிறீர்கள். அன்றைக்குத் தொட்டியில் தண்ணீரைக் கலக்குகிற விசிறியில் ஒரு கந்தைத் துணி சிக்கிக்கொண்டது. அவன் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியின் உள்படியில் இறங்கி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஆயிரம் டிகிரியில் ஒரு உருளை தொங்குவது அவனுக்குத் தெரியாது. நீ கத்தினாய். அவன் திரும்பவில்லை.

"அண்ணன் உருளையைத் திருப்பிக் கொண்டுபோய்த் தாங்கியில வச்சிட்டு ஓடி வந்து, என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துப் போட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. என்னய்யா அடிக்கிறேன்னு அவரை எதிர்த்துக் கையை ஓங்கிட்டேன்," என்றான். சொல்லும்போது சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீ திரும்பிப் போய் அந்த உருளையைத் தண்ணீரில் இறக்கியபோது நூற்றுப் பத்து எண்ணும் நேரம் ஆகியிருக்குமாம். பதிவேட்டில் பதினெட்டு என்று எழுதினாய். நூற்றுப் பத்து என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அவனைக் காது பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. ஒப்பந்தத் தொழிலாளி, இரண்டு பெண் குழந்தைகள். உலைக்குள் திரும்ப வைக்கவும் முடியாது, அதற்கும் காரணம் எழுத வேண்டும்.

"பதினேழு வருஷம் வாயில என்னடா வச்சிருந்த?" என்று கேட்டேன். "உன் வேலை இருக்கிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. போன மாசம் எனக்கு வேலை முடிஞ்சுது. சத்தியமும் முடிஞ்சுது. மொத ஆளா உங்ககிட்டதான் வந்திருக்கேன்" என்றான். அவனை அடிக்கவும் தோன்றியது, உட்காரவைத்துச் சாப்பாடு போடவும் தோன்றியது. சாப்பாடு போட்டேன்.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். உலை உன் இடம், சாம்பிள் அறை என் இடம். ஒரே தொழிற்சாலையில் பதினைந்து வருடம் இருந்தும் நாம் இருவரும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. நீ அந்த உலோகத்தை வெளியிலிருந்து பார்த்தவன். நான் உள்ளேயிருந்து பார்த்தவள்.

என் கணவர் போனபோது எனக்கு முப்பத்தொரு வயது, மகளுக்கு நான்கு. சாம்பிள் அறையைக் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, யார் யாரிடமோ சொல்லி என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நீ. அன்றைக்கு நான் உனக்கு நன்றி சொல்லவில்லை. "துடைப்பம் பிடிக்கவா என்னைக் கூட்டிட்டு வந்த?" என்று கேட் வாசலில் வைத்துத் திட்டினேன். காவலாளி சிரித்தார். அந்தத் துடைப்பத்தால்தான் என் மகள் படித்தாள். அதிகாரிகள் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்ட படங்களை நான் ஒட்டவைத்துப் பார்த்தேன். பாலிஷ் போடுகிறவர் காலொடிந்து கிடந்தபோது அவருடைய இடத்தில் உட்கார்ந்து போட்டேன். மகளின் பள்ளிக்கூட அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பின் கையேட்டை எட்டு மாதத்தில் படித்து முடித்தேன். ஜிர்கோனியத்தை ஆசிட் பஞ்சால் எத்தனை நொடி துடைத்தால் உள்ளே இருப்பது தெளியும், எத்தனை நொடிக்கு மேல் போனால் கருகும் என்று எனக்கு நானே கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் தண்ணீரில் போட்ட ஒவ்வொரு உருளையிலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, எண் போட்டுப் பெட்டியில் வைப்பார்கள். சரியாகத் தண்ணீர் கண்ட துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மெல்லிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கூடை முடைந்ததுபோல இருக்கும். அந்த உலோகத்தில் துளி இரும்பும் துளி குரோமியமும் சேர்த்திருக்கிறார்கள் அல்லவா? உலையின் சூட்டில் அவை கரைந்து எங்கும் பரவிவிடுகின்றன. உடனே தண்ணீரில் போட்டால், நின்ற நின்ற இடத்தில் பொடிப் பொடியாகப் பிடிபட்டுவிடும். தாமதமானால் நகர நேரம் கிடைக்கிறது. ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பெரிய மணிகளாகத் தள்ளித் தள்ளி வரிசை கட்டிக்கொள்ளும். கூடை முடைச்சல் போய், அகலப் பலகைகளை அடுக்கியதுபோல ஆகிவிடும். பிறகு அதைக் குழாயாகத் தள்ளி, உருட்டி மெலிதாக்கி, நடுநடுவே சூடாக்குகிறார்கள். பலகைகள் உடைந்து புதுச் சிறுமணிகள் பிறந்துவிடும். பார்க்க நல்ல குழாய்தான். ஆனால் அந்த இரும்பும் குரோமியமும் சேர்ந்த கட்டிகள் மட்டும் கரைவதில்லை. முதல்நாள் தண்ணீர் சரியாகப் படவில்லை என்பதைக் கடைசிவரை வைத்திருக்கும்.

குழாயை நீராவிப் பெட்டியில் வைத்துச் சோதிக்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. நல்ல குழாய் கறுப்பாக, மினுமினுப்பாக வெளியே வரும். அந்தக் கறுப்புத் தோல்தான் அதற்குக் காவல். பன்னிரண்டாம் எண் உருளையின் குழாய்கள் அம்மை போட்டதுபோல வெள்ளைக் கொப்புளத்தோடு வந்தன.

பதிவேட்டில் பதினெட்டு என்று இருந்ததால் உலைப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைச் சுத்தம் செய்கிற ஆசிட் சரியாகக் கழுவப்படாமல் போனாலும் வெள்ளை வரும் என்று சொல்லி, கழுவுமிடத்தில் இருந்த மூன்று பெண்கள் மேல் பழியைத் திருப்பினார்கள். வாயாடி என்று எல்லாரும் கூப்பிடுவார்களே அவள், அவளுடைய ஓரகத்தி, இன்னொருத்தி. மூன்று பேரையும் தர அதிகாரியின் அறை வாசலில் அரைநாள் நிற்கவைத்தார்கள். வாயாடி என் அறைக்கு வந்து, "ஆசிட் கழுவுற கை, அக்கா, நகமே இல்லை பாருங்க. இதுக்கு மேலயும் கழுவணுமாம்" என்று கையை நீட்டினாள்.

கழுவாத ஆசிட் விடுகிற வெள்ளை, தண்ணீர் வழிந்த தடம்போலத் திட்டுத் திட்டாக இருக்கும். இது தனித்தனிப் புள்ளி, குழாயின் நீளம் முழுக்க. லென்சில் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கேட்காமலே பெட்டியைத் திறந்து பன்னிரண்டாம் எண் துண்டை எடுத்துப் பாலிஷ் போட்டேன். பலகைகள். ஒரு தடவைக்கு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பலகைகளேதான். ஷிப்ட் யாருடையது என்று பார்த்தேன். உன்னுடையது.

கேன்டீனில் உன்னைத் தேடி வந்தேன். "பன்னெண்டாம் நம்பருக்கு எத்தனை எண்ணின?" என்று கேட்டேன். "பதினெட்டு" என்றாய். "நிஜமாவா?" என்றேன். "எழுதியிருக்கேன்ல, படிக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் காலையில் அந்தத் துண்டின் படத்தைக் கொண்டுபோய்த் தர அதிகாரியின் மேஜையில் வைத்தேன்.

தம்பி, ஒன்றை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படத்தை வைத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கு அந்தத் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாலும் பலகை என்றுதான் சொல்வேன். அந்தக் குழாய்களுக்குள் எரிபொருளை அடைத்து அணு உலையின் கொதிநீரில் வருடக்கணக்கில் நிறுத்தப் போகிறார்கள். அங்கே தோல் உரிந்தால் யார் போய்த் துடைப்பது? கழுவுமிடத்துப் பெண்கள் மூவரும் செய்யாத தப்புக்கு வீட்டுக்குப் போவார்களா? ஒட்டடையைக் காப்பாற்றியது சரி. அதற்குப் பிறகு அந்த உருளையைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கலாம். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது உன் தப்பு. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஆனால் ஒட்டடை போன பிறகு ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் உன்னிடம் எத்தனை என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் இல்லையே என் தம்பி என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஐந்நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவனின் முகம் தெரியாமல் போயிற்று.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை. கை வலிக்கிறது.

வியாழக்கிழமை.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நேற்றே தபாலில் சேர்த்திருப்பேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எப்படி ஒட்டுவது?

ஒட்டடை இன்னொன்றும் சொன்னான். விசாரணை நடந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். அவனைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். மேலாளர் கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்திருந்தார், நீ பக்கவாட்டில். மற்றவர்களுக்கு உள்ளே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. இவனுக்கு எப்போதுமே கேட்காது, ஆனால் எல்லாம் தெரிந்திருக்கிறது. மேலாளர் உன்னிடம் சொன்னாராம்: "அந்தம்மா படிக்காதவங்க. கூட்டிப் பெருக்க வந்தவங்க. பாலிஷ் சரியில்லை, அதனால அப்படித் தெரியுதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. இதை இத்தோட முடிச்சிடலாம்."

அதற்கு நீ சொன்னதையும் ஒட்டடை படித்திருக்கிறான். இரண்டு தடவை கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். "அக்கா பார்த்தா பார்த்ததுதான் சார். அது பொய் சொல்லாது. நான் எழுதினதுதான் பொய்."

அப்புறம் ஏன் தாமதம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

முப்பது வருடம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன், தம்பி. என் படத்தை வைத்து எழுதிய அறிக்கையில் தர அதிகாரியின் பெயர் இருந்தது. எனக்கு "உதவியாளர் ஒருவர்" என்று ஒரு வரி. இருபது எண்ணியதும் தானாக அடிக்கிற மணி ஒன்றை உலைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டவர்கள் என்னைக் "கேன்டீன் அம்மா" என்றார்கள். கேன்டீனில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. இதையெல்லாம் நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். என் கண்ணை நம்பியவர்கள் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவன் இருந்திருக்கிறான். ஒரு வார்த்தையில் என்னைப் பொய்யாக்கிவிட்டுத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அவன் செய்யவில்லை.

அதற்கு நன்றி. எழுதிவிட்டேன். இரண்டு நாளாக இந்த வார்த்தையைத்தான் எழுத முயன்றுகொண்டிருந்தேன்.

சித்தி வீட்டார் பதினேழு வருடமாக என்னைத் தம்பியைக் காட்டிக் கொடுத்தவள் என்கிறார்கள். அவர்களுக்கு நீதான் அப்படிச் சொல்லியிருப்பாய் என்று நினைத்து உன் மேல் கோபமாக இருந்தேன். உன் மனைவியிடம் கேட்டேன். வீட்டில் என் பேச்சை யார் எடுத்தாலும் நீ, "அக்கா அது வேலையைச் செஞ்சுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாயாம். அதற்கும் சேர்த்துத்தான் அந்த நன்றி.

நேற்று சாயங்காலம் வாயாடி வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தாள். அவள் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. பிறகு, "உன் தம்பி ஒருத்தனைக் காப்பாத்தினாரு, நீ மூணு பேரைக் காப்பாத்தின. நீதான் ஜெயிச்ச, விடு" என்றாள். ஜெயித்தவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்டேன். "வயசாயிடுச்சு, அதான்" என்றாள். அவளிடம் போய் ஆறுதல் தேடினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலைக்கு வந்து நடந்ததை எழுதிக் கொடுக்க ஒட்டடை தயாராக இருக்கிறான். உன் பெயருக்கு எதிரே இருக்கிற "கவனக்குறைவு" என்ற சொல்லை அடிக்க வேண்டும் என்று அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனை வரை போனேன். பிறகு, தம்பி இத்தனை வருடம் மூடிவைத்ததை அவனைக் கேட்காமல் திறக்க நான் யார் என்று திரும்பி வந்துவிட்டேன். நீ சரி என்றால் போவோம். வேண்டாம் என்றால் போகமாட்டேன். நான் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று சொன்னால் மகள்கூட நம்பமாட்டாள்.

மாடி விஷயம். பூட்டைத் திறந்து பார்த்தேன். சாவி திரும்பவில்லை. பூட்டுக்காரர் எண்ணெய் விட்டுத் திறந்து கொடுத்தார். தெருப் பக்கத்து அறை நன்றாக இருக்கிறது. பின்னறையில் மேற்குச் சுவர் ஓரமாக ஈரம் கசிந்து சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். குழாயைத் திறந்தால் முதலில் துருத் தண்ணீர்தான் வந்தது, ஒரு வாளி போன பிறகு தெளிந்துவிட்டது. உன் மேஜை அப்படியே இருக்கிறது. அதன்மேல் நீ விட்டுப்போன செய்தித்தாளைக் கரையான் தின்றிருக்கிறது, மேஜையைத் தொடவில்லை. ஜன்னல்கள் இரண்டையும் மூன்று நாளாகத் திறந்து வைத்திருக்கிறேன். உன் மனைவிக்குச் சமையலறை சிறியதாகத் தோன்றலாம். கீழே உள்ளது பெரியது. இரண்டு பேரும் அங்கேயே சமைத்துக்கொள்ளலாம், சண்டை போட்டுக்கொண்டு. மாடிப் படியில் கைப்பிடி போடச் சொல்லியிருக்கிறேன். அது எனக்காக. காலையில் டீ எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டுமே.

அந்த ஊர் வீட்டுக்காரரிடம் வீடு வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடு. கையெழுத்துப் போட்டிருந்தாலும் சொல்லிவிடு. கோபம் இருந்தால் அதையும் கூடவே கொண்டு வா. வந்து இந்த வீட்டில் இருந்துகொண்டு கோபப்படு. இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு கோபப்பட்டால் எனக்கு எப்படித் தெரியும்? உன் மார்பு சளி இல்லாமல் தெளியட்டும். உன் மனைவி இத்தனை வருடம் உன்னோடு குப்பை கொட்டியதற்கு அவளுக்கு நல்ல காலம் பிறக்கட்டும். உங்கள் இருவரையும் கண்ணால் பார்க்கிற வரைக்கும் எனக்கும் ஆயுள் இருக்கட்டும்.

எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. நான் நடைமேடையில் நிற்பேன். முதலில் நான் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே, எனக்கு வாய் வராது. நீயும் ஒன்றும் பேச வேண்டாம். சுமை தூக்க ஆளைக் கூப்பிடாதே. இறங்கியதும் உன் கையில் இருக்கிற பைகளில் எது கனமோ, அதை என்னிடம் கொடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா